ஆர்2 ஏன் இறுகுகிறது, பிடி ஏன் அதிர்கிறது: சுடும் கேம் விளையாடுவோருக்கான எளிய விளக்கம்

திருகோணமலையில் கொன்ட்ரோலர் திருத்திக் கொடுக்கிறவர்களிடம் அடிக்கடி வந்துசேரும் முறைப்பாடு இது: “அண்ணா, ஆர்2 இறுகிப்போச்சு. வாங்கி ரெண்டு கிழமைதான் ஆகுது. ஒருக்காக் கழற்றிப் பாருங்கோ.”

பல வேளைகளில் கழற்றவே தேவையில்லை. கொன்ட்ரோலரை அணைத்துவிட்டு அதே ஆர்2 ட்ரிகரை, அதாவது வலது சுட்டுவிரலால் அழுத்திச் சுடும் விசைப் பொத்தானை, மெதுவாக அழுத்திப் பார்க்க வேண்டும். தடை ஏதுமின்றி உள்ளே போய், விட்டதும் தானாகத் திரும்பி வந்தால் அதில் பழுது இல்லை. விளையாடிய கேம்தான் அதை வேண்டுமென்றே இறுக்கியிருக்கிறது. அணைத்த பிறகும் இறுக்கம் அப்படியே இருந்தால்தான் ஸ்குரூ ட்ரைவரைத் தேட வேண்டும்.

பிஎஸ்5 (பிளேஸ்டேஷன் 5) உடன் வரும் டுவல்சென்ஸ் கொன்ட்ரோலரின் ட்ரிகர் இறுக்கத்தை மோட்டர் தருகிறது, ஸ்பிரிங் அல்ல. அதனால்தான் இந்தச் சோதனை பலிக்கிறது. கரண்ட் இல்லாத மோட்டரால் எதையும் இறுக்க ஏலாது.

இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்பாதீர்கள்

கையில் உணர்கிற எல்லாவற்றையும் “வைப்ரேஷன்” என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம். உள்ளே இருப்பவை இரண்டு தனித்தனி அமைப்புகள். இடது எல்2, வலது ஆர்2 ஆகிய இரண்டு ட்ரிகர்களுக்குப் பின்னால் விரலை எதிர்த்துத் தள்ளும் மோட்டர்கள் உள்ளன. இதை அடப்டிவ் ட்ரிகர் என்கிறார்கள். உள்ளங்கை பிடிக்கும் இரு கைப்பிடிகளுக்குள்ளும் பிடியை அதிரவைக்கும் சாமான் வேறாக இருக்கிறது. இது ஹெப்டிக்.

ஒன்று பழுதானாலும் மற்றது வேலை செய்யும். ஒன்றை அணைத்து மற்றதை வைத்துக்கொள்ளலாம். செட்டிங்ஸிலும் இரண்டுக்கும் வெவ்வேறு வரிகள் இருக்கின்றன. சுடும் கேம் விளையாடுகிறவருக்கு இந்தப் பிரிவு முக்கியம். ட்ரிகர் இறுக்கம் நீங்கள் சுடும் வேகத்தில் கைவைக்கிறது. பிடியின் அதிர்வு நீங்கள் குறிபார்க்கும் உறுதியில் கைவைக்கிறது. எது எதைக் கெடுக்கிறது என்று தெரியாமல் இரண்டையும் அணைத்துவிட்டு, “இந்தக் கொன்ட்ரோலரில் அப்படி என்ன விசேஷம்?” என்று கேட்கிறவர்கள் நிறையப் பேர்.

ட்ரிகருக்குள் நடப்பது

ட்ரிகரின் கீலில் சின்ன ஸ்பிரிங் ஒன்று உண்டு. விரலை எடுத்ததும் ட்ரிகரை வெளியே தள்ளிவிடுவது மட்டும்தான் அதன் வேலை. அதற்குப் பின்னால் ஒரு சிறிய மோட்டர், அதன் தண்டில் திருகு வடிவப் பல், அந்தத் திருகு சுழற்றுகிற ஒரு பற்சக்கரம், சக்கரத்தோடு சேர்ந்த ஒரு சிறு கை. மோட்டர் பல தடவை சுழன்றால் சக்கரம் கொஞ்சம்தான் திரும்பும். வேகத்தை விட்டுக்கொடுத்துப் பலத்தை வாங்குகிற ஏற்பாடு அது. விரல் நுனி அளவு மோட்டரால் ஓர் ஆளின் சுட்டுவிரலை எதிர்த்து நிற்க முடிவது இதனால்தான். அந்தச் சிறு கை ட்ரிகரின் முதுகில் போய் முட்டும்போது நமக்கு “இறுக்கம்” தெரிகிறது. முட்டாமல் விலகி நிற்கும்போது ட்ரிகர் வெறும் ஸ்பிரிங்கோடு ஓடுகிறது.

ட்ரிகர் இப்போது எங்கே இருக்கிறது என்பதைச் சென்சர் ஒன்று பார்த்துக்கொண்டிருக்கிறது. அழுத்தாத நிலை 0, முழுவதும் அழுத்திய நிலை 255. கேம் அந்த எண்ணை வாசித்து, “இந்த இடத்தில் இவ்வளவு எதிர்த்துத் தள்ளு” என்று கட்டளை அனுப்பும்.

கட்டளைகள் முக்கியமாக மூன்று வகை. ட்ரிகரின் ஓட்டத்தை 0 முதல் 9 வரை பத்து இடங்களாகப் பிரித்துக்கொள்கிறார்கள். பலத்தை 0 முதல் 8 வரை அளக்கிறார்கள். முதல் வகையில், ஓர் இடத்தைத் தாண்டியதும் இறுக்கம் தொடங்கிக் கடைசிவரை நீடிக்கும். மோட்டர்சைக்கிளின் கிளச் பிடியை நினைத்துக்கொள்ளுங்கள்: முதலில் தொளதொளவென்று வரும், பிறகு கனம் ஏறும். இரண்டாம் வகை துப்பாக்கிக்கென்றே செய்தது. அதில் தொடங்கும் இடம் ஒன்று, முடியும் இடம் ஒன்று என்று இரண்டு கொடுக்கப்படும். தொடக்கம் 2 இலிருந்து 7 வரைக்குள் இருக்கலாம், முடிவு 8 ஐத் தாண்டக்கூடாது. இடையில் மட்டும் தடை இருக்கும், தாண்டியதும் சட்டென்று விட்டுவிடும். மூன்றாம் வகையில் ட்ரிகரே விரலுக்கு அடியில் துடிக்கும். செக்கனுக்கு எத்தனை தடவை துடிக்க வேண்டும் என்பதையும் கேமே சொல்லும்.

உண்மையான துப்பாக்கியின் விசையில் மூன்று கட்டம் உண்டு. முதலில் கனமில்லாத சிறு ஓட்டம், பிறகு சுவர்போல் ஒரு தடை, அதைத் தாண்டியதும் விசை விடுபட்டு வெடிப்பு. இரண்டாம் வகைக் கட்டளை இந்த மூன்றையும் அப்படியே விரலுக்குக் கொண்டுவருகிறது. தொடக்கம் 2, முடிவு 4, பலம் 3 என்று வைத்தால் இலேசான கைத்துப்பாக்கி. தொடக்கம் 3, முடிவு 7, பலம் 8 என்றால் நின்று நிதானித்து இழுக்க வேண்டிய ஸ்நைப்பர். படமும் சத்தமும் மாறாவிட்டாலும், கண்ணை மூடிக்கொண்டே எந்த ஆயுதம் கையில் இருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

இதில் கேம் செய்கிறவர்கள் சறுக்குகிற இடம் ஒன்று. தடை விடுபடுகிற இடமும் தோட்டா புறப்படுகிற இடமும் ஒன்றாக இருக்க வேண்டும். ட்ரிகர் பாதி போகும்போதே தோட்டா போய்விட்டு, தடை அதற்குப் பிறகு வந்தால், சுட்டு முடிந்த துப்பாக்கியோடு மல்லுக்கட்டுவதாகத் தோன்றும். தடை தாண்டியும் தோட்டா புறப்படாவிட்டால் இன்னும் மோசம், கேம் பிந்தி வேலை செய்வதாகவே விளையாடுகிறவர் நினைப்பார். “இந்தக் கேமின் ட்ரிகர் நல்லா இல்லை” என்று சொல்வதற்குப் பின்னால் பெரும்பாலும் இந்தப் பொருத்தமின்மைதான் இருக்கிறது, பலம் கூடியதோ குறைந்ததோ அல்ல.

நன்றாகச் செய்தவற்றைப் பார்த்தால் வித்தியாசம் விளங்கும். 2020 இல் வந்த கால் ஒஃப் டியூட்டி: பிளக் ஒப்ஸ் கோல்ட் வோரில் ஆயுதத்துக்கு ஆயுதம் இறுக்கம் மாறும். 2021 இல் வந்த ரிட்டர்னலில் எல்2 ஐப் பாதி அழுத்தினால் குறிபார்த்தல். அந்த நடுத் தடையையும் தாண்டி முழுவதும் அழுத்தினால் வேறொரு தாக்குதல். ஒரே பொத்தானில் இரண்டு வேலை, எங்கே நிற்பது என்று விரலுக்கே தெரிகிறது. அதே ஆண்டின் ரட்செட் அண்ட் க்ளாங்க்: ரிஃப்ட் அபார்ட்டும் ஆர்2 இல் இப்படி ஒரு பாதி நிலையை வைத்திருக்கிறது. டெத்லூப்பில் துப்பாக்கி சிக்கிக்கொண்டால் ட்ரிகரே உள்ளே போக மறுக்கும். முதன்முறை விளையாடுகிறவர் கொன்ட்ரோலர் பழுதாகிவிட்டது என்றே பதறுவார்.

பிடிக்குள் நடப்பது

கொன்ட்ரோலர் அதிர்வது புதிதல்ல. 1997 இல் நின்டெண்டோ 64 க்குத் தனியாகப் பூட்டுகிற ரம்பிள் பாக் வந்தது. அதே ஆண்டில் ஜப்பானில் பிளேஸ்டேஷனுக்கு டுவல்ஷொக் வந்தது. அன்று தொடங்கி பிஎஸ்4 இன் டுவல்ஷொக் 4 வரை உள்ளே இருந்தது ஒரே யோசனைதான்: மோட்டரின் தண்டில் ஒருபக்கம் மட்டும் பாரமான ஓர் உலோகத் துண்டு. அது சுழலும்போது நிலை குலைந்து பிடி அதிரும். ஒரு கைப்பிடியில் பெரிய பாரம், மற்றதில் சின்னப் பாரம்.

இதற்கு இரண்டு குறைகள். அதிர்வைப் பலமாக்க வேண்டுமென்றால் மோட்டரை வேகமாகச் சுழற்ற வேண்டும். வேகமாக்கினால் அதிர்வின் தன்மையும் மாறிவிடும். மெல்லிய வேக அதிர்வு, பலத்த மெதுவான அதிர்வு என்று பிரித்துக் கேட்க வழியில்லை. இரண்டாவது, சுழல்கிற பாரம் வேகம் பிடிக்கவும் நிற்கவும் நேரம் எடுக்கும்.

இந்த இரண்டாவது குறை சுடும் கேம்களில்தான் பளிச்சென்று தெரியும். ஏகே-47 நிமிடத்துக்கு ஏறத்தாழ 600 தோட்டா சுடும். அதாவது செக்கனுக்கு 10, ஒரு தோட்டாவுக்கும் அடுத்ததுக்கும் இடையில் 100 மில்லி செக்கன். நிமிடத்துக்கு 900 சுடுகிற ஆயுதமென்றால் இடைவெளி 67 மில்லி செக்கனுக்குக் கீழே வந்துவிடும். பழைய மோட்டர் ஓர் அடி அடித்து அடங்குவதற்குள் அடுத்த அடி வந்துவிடுகிறது. விளைவு: தனித்தனித் தோட்டாக்கள் தெரியாமல் “ம்ம்ம்ம்” என்று ஒரே இரைச்சல். எந்த ஆயுதமும் ஒரே மாதிரி.

டுவல்சென்ஸில் அந்தச் சுழல் மோட்டர்கள் இல்லை. ஸ்பீக்கருக்குள் இருக்கும் அதே அமைப்பு இருக்கிறது: காந்தப் புலத்துக்குள் ஒரு கம்பிச் சுருள். மின்சாரம் போகும் திசைக்கேற்ப அசைகிற பாகம் முன்னும் பின்னும் போகும். காற்றைத் தள்ளிச் சத்தம் எழுப்புகிற கூம்பு மட்டும் இல்லை. அதற்குப் பதிலாக ஒரு பாரம். இடது கையில் ஒன்று, வலது கையில் ஒன்று. கேம் இதற்கு அனுப்புவதும் ஒலியலை போன்ற அலையைத்தான். எவ்வளவு பலம், செக்கனுக்கு எத்தனை அதிர்வு என்று இரண்டையும் தனித்தனியாக ஆளலாம், சட்டென்று தொடங்கலாம், சட்டென்று நிறுத்தலாம். பத்துத் தோட்டா என்றால் கை பத்து அடியை எண்ணும்.

நம் விரல்களும் இதற்கு ஏற்றவைதான். தோலின் ஆழத்தில் உள்ள ஒருவகை உணர்வு முனைகள் செக்கனுக்கு 250 அளவிலான அதிர்வை மிக நுட்பமாகப் பிடிக்கும். மேலடுக்கில் உள்ளவை செக்கனுக்கு 10 முதல் 50 வரையான மெதுவான துடிப்புக்கு விழிப்பாக இருக்கும். தகரக் கூரையில் மழைத்துளி விழுவதைக் காட்ட முதல் வகையையும், பக்கத்தில் குண்டு வெடித்ததைக் காட்ட இரண்டாம் வகையையும் கேம் செய்கிறவர்கள் தட்டி எழுப்புகிறார்கள். இடது, வலது பிரிந்திருப்பதால் அடி எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்பதையும் கைக்குச் சொல்லலாம்.

இதை உணர்ந்து பார்க்கச் செலவு எதுவும் இல்லை. பிஎஸ்5 உடனேயே வரும் அஸ்ட்ரோஸ் பிளேரூம் கேமைத் திறந்து மணல், உலோகம், பனி என்று வெவ்வேறு தரையில் நடந்து பாருங்கள். இரண்டு அமைப்பும் சரியாக வேலை செய்கின்றனவா என்று சோதிக்கவும் அதைவிட நல்ல வழி இல்லை.

மற்றக் கொன்ட்ரோலர்கள்

எக்ஸ்பொக்ஸ் வன் கொன்ட்ரோலரில் 2013 இலேயே ட்ரிகர்களுக்குள் சின்ன மோட்டர்கள் வந்துவிட்டன. அவை விரலுக்கு அடியில் அதிரும், ஆனால் எதிர்த்துத் தள்ளமாட்டா. இன்றைய எக்ஸ்பொக்ஸ் கொன்ட்ரோலரிலும் நிலைமை இதுவே. நின்டெண்டோ சுவிட்சின் ஜொய்கொன் பிடியில் நுட்பமான அதிர்வு உண்டு, ஆனால் அதன் ட்ரிகர் வெறும் பொத்தான், பாதி அழுத்தம் என்ற ஒன்றே அதில் கிடையாது. டுவல்ஷொக் 4 ஐ பிஎஸ்5 இல் இணைக்கலாம், பிஎஸ்4 கேம்கள் மட்டும் விளையாடலாம்.

டுவல்சென்ஸ் என்று சொல்லி விற்கப்படும் போலிகளும் உண்டு. வெளியே அச்சு அசலாக இருக்கும்; உள்ளே பழைய சுழல் மோட்டரும் வெறும் ஸ்பிரிங்கும்தான். வெளிநாட்டிலிருந்து வந்தது என்று சொல்லி விலை பேசினால், காசு கொடுக்கும் முன் கொன்ட்ரோலரைத் திருப்பி முதுகுப் பக்கத்தை உற்றுப் பாருங்கள். அசலின் பிடியில் சொரசொரப்பாகத் தெரிவது புள்ளிகள் அல்ல, முக்கோணம், வட்டம், பெருக்கல் குறி, சதுரம் ஆகியவை நுணுக்கமாக நெருங்கி நிற்பவை. போன் கமராவில் பெரிதாக்கினால் தெளிவாகத் தெரியும். பிறகு அஸ்ட்ரோவில் ஒரு நிமிடம் விளையாடிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

எதை எவ்வளவு வைப்பது

பிஎஸ்5 இல் செட்டிங்ஸ், அதற்குள் அக்சஸரீஸ், அதற்குள் கொன்ட்ரோலருக்கான பகுதி. அங்கே வைப்ரேஷன் இன்டென்சிட்டி என்பது பிடியின் அதிர்வு. ட்ரிகர் எஃபெக்ட் இன்டென்சிட்டி என்பது ட்ரிகரின் இறுக்கம். இரண்டுக்கும் ஸ்ட்ரோங், மீடியம், வீக், ஓஃப் என நான்கு நிலைகள். இங்கே மாற்றினால் எல்லாக் கேமுக்கும் மாறும். ஆகவே முதலில் கேமுக்குள்ளேயே இருக்கும் செட்டிங்ஸில் தேடுங்கள். அங்கே இல்லாவிட்டால் மட்டும் இங்கே வாருங்கள். கேமில் ஓன், இங்கே ஓஃப் என்று இருந்தால் ஒன்றும் வராது. பலர் தலையைப் பிய்த்துக்கொள்வது இந்த இடத்தில்தான்.

தனியே விளையாடும் கதைக் கேம் என்றால் இரண்டையும் ஸ்ட்ரோங்கில் விட்டுவிடுங்கள். அந்தக் காசும் சேர்த்துத்தானே கொன்ட்ரோலருக்குக் கொடுத்தீர்கள்.

ஒன்லைனில் ஆளோடு ஆள் மோதும் கேம் என்றால் ட்ரிகர் எஃபெக்டை ஓஃப் செய்யுங்கள். இதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. செக்கனுக்கு 60 பிரேம் (திரையில் மாறும் படம்) ஓடும் கேமில் ஒரு பிரேம் 16.7 மில்லி செக்கன். 120 பிரேமில் 8.3. விரல் ஒரு தடையைத் தள்ளிக் கடக்க எடுக்கும் கூடுதல் நேரம் ஒன்றிரண்டு பிரேமை விழுங்கிவிடக்கூடும். ஒவ்வொரு தோட்டாவுக்கும் தனியாக அழுத்த வேண்டிய துப்பாக்கியில் அந்த இழப்பு ஒவ்வோர் அழுத்தத்திலும் வரும், விரலும் கெதியாகக் களைக்கும். திருமலையிலிருந்து விளையாடும்போது சேர்வர் சிங்கப்பூரிலோ மும்பாயிலோ இருந்தால் இணைய இணைப்பே ஒரு பங்கு நேரத்தைத் தின்றுவிட்டிருக்கும். மிச்சத்தையும் ட்ரிகருக்குத் தாரைவார்க்கத் தேவையில்லை.

பிடியின் அதிர்வில் அவ்வளவு கறாராக இருக்க வேண்டியதில்லை. குறிபார்க்கும் வலது பெருவிரல் நிற்பது அதிர்கிற அதே பிடியின் மேல்தான். நீண்ட நேரம் தொடர்ந்து சுடும்போது அந்தப் பெருவிரல் அசைக்கும் ஸ்டிக் நடுங்கும், தூரத்துக் குறி தவறும். அதனால் போட்டிக்கு விளையாடுகிறவர்கள் இதையும் ஓஃப் செய்துவிடுவார்கள். ஆனால் அடி எந்தப் பக்கமிருந்து விழுந்தது என்ற தகவலும் அதோடு போய்விடும். ஹெட்செட் போடாமல் டிவி சத்தத்தில் விளையாடுகிறவருக்கு வீக் நல்ல நடுவழி. விரல் மூட்டு வலி உள்ளவர்கள் எந்தக் கேமானாலும் ட்ரிகரை வீக் அல்லது ஓஃபில் வைப்பதே சரி. இரண்டையும் குறைத்தால் பட்டரியும் கூடநேரம் நிற்கும். உள்ளே இருப்பது 1,560 மில்லி அம்பியர் மணி பட்டரி, அதிர்வும் இறுக்கமும் சேர்ந்தால் அது சீக்கிரமே இறங்கிவிடும்.

டெட்சோன் என்பது இன்னொன்று. கால் ஒஃப் டியூட்டி போன்ற கேம்களில் எல்2, ஆர்2 இரண்டுக்கும் டெட்சோன் தனித்தனியாக உண்டு. ட்ரிகர் எவ்வளவு தூரம் போன பிறகு அழுத்தியதாகக் கணக்கெடுக்க வேண்டும் என்பது அந்த எண். 0 என்றால் தொட்டாலே சுடும். நல்லதுதான், ஆனால் ஸ்பிரிங் தளர்ந்த பழைய கொன்ட்ரோலரில் விரல் சும்மா ஓய்ந்திருக்கும்போதே தோட்டா போய் ஒளிந்திருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். 0 இல் தொடங்குங்கள். தானாகச் சுட்டால் ஒவ்வொன்றாகக் கூட்டுங்கள். தானாகச் சுடுவது நின்ற எண்ணில் விட்டுவிடுங்கள்.

ட்ரிகரின் ஓட்டத்தைக் குறைக்க ஒட்டும் பிளாஸ்டிக் கட்டைகளும் விற்கின்றன. 2023 ஜனவரியில் வந்த டுவல்சென்ஸ் எட்ஜில் இந்த வசதி பின்பக்கச் சுவிட்சாகவே இருக்கிறது, மூன்று நிலைகள். சாதாரண டுவல்சென்ஸில் கட்டை ஒட்டினால் ட்ரிகர் எஃபெக்டை ஓஃப் செய்வது கட்டாயம். தடை 7 ஆவது இடத்தில் விடுபட வேண்டிய ஆயுதம், கட்டை 5 ஆவது இடத்தில் மறித்தால் சுடவே சுடாது. ட்ரிகரைக் கழற்றி மவுஸ் கிளிக் போன்ற சுவிட்ச் பூட்டித் தருகிறவர்களும் உண்டு. சுடும் கேமுக்கு அருமை. அதே கொன்ட்ரோலரில் கார் ஓட்டினால் அக்சிலரேட்டர் முழுவதும் அல்லது ஒன்றுமில்லை என்றாகிவிடும்.

கணினியில் விளையாடுகிறவர்களுக்கு ஒரு வரி: புளூடூத்தில் இணைத்தால் பெரும்பாலான கேம்களில் முழு ஹெப்டிக் வராது. யூஎஸ்பி வயரில் இணைக்கும்போது கணினி இந்தக் கொன்ட்ரோலரை நான்கு சனல் உள்ள ஒலிக்கருவியாகப் பார்க்கிறது. மூன்றாவதும் நான்காவதும்தான் இரு கைப்பிடிகளின் அதிர்வு. சார்ஜ் மட்டும் ஏற்றுகிற மலிவு வயராக இருந்தால் இதெல்லாம் நடக்காது. வயரை மாற்றிப் பார்த்துவிட்டுக் கொன்ட்ரோலரைக் குறை சொல்லுங்கள்.

உப்புக்காற்றும் ட்ரிகரும்

உவர்மலை, திருக்கடலூர், உப்புவெளிப் பக்கம் கடலுக்குக் கிட்ட இருக்கும் வீடுகளில் யன்னல் கம்பிக்கு என்ன நடக்கிறதோ அதுவே ட்ரிகரின் ஸ்பிரிங்குக்கும் நடக்கும். ட்ரிகரைச் சுற்றி இருக்கும் இடைவெளிதான் கொன்ட்ரோலரின் மிகத் திறந்த வாசல். உப்பு படிந்து, ஈரம் சேர்ந்து, ஸ்பிரிங்கும் அச்சாணியும் மெல்ல அரிக்கும். வாடைக்காற்று வீசும் மழை மாதங்களில் இது கூடும். கச்சான் வீசும் வெக்கைக் காலத்தில் பிரச்சினை வேறு: தூசியும் மணலும். டச் பேயில் குளித்துவிட்டு வந்த கையோடு கொன்ட்ரோலரைத் தூக்கினால் உப்பு, மணல் இரண்டையும் ஒன்றாகவே ஊட்டுகிறீர்கள்.

செய்ய வேண்டியது கொஞ்சம்தான். விளையாடி முடிந்ததும் உலர்ந்த துணியால் ட்ரிகரின் அடிப்பக்கத்தைத் துடைத்து, மூடியுள்ள பெட்டியில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டோடு வையுங்கள். யன்னலோரம் வெயில் படும் இடத்தில் சார்ஜ் ஏற்றாதீர்கள். வெக்கையில் சார்ஜ் ஏறும் லித்தியம் பட்டரி கெதியாகக் கிழடாகும். ட்ரிகர் கிறீச்சிட்டால் தேங்காய் எண்ணெயும் வேண்டாம், துருப்பிடித்த ஆணிக்கு அடிக்கும் ஸ்பிரேயும் வேண்டாம். எண்ணெய் தூசியைப் பிடித்துப் பசையாக்கும். ஸ்பிரே உள்ளே இருக்கும் கிறீஸைக் கழுவிக்கொண்டு சென்சர் பக்கம் போய்ச்சேரும்.

இறுகினால், தொங்கினால்

கேமை விட்டு வெளியே வந்த பிறகும் ட்ரிகர் இறுகியே இருக்கிறது, அணைத்தால் சரியாகிறது: மென்பொருள் குழப்பம். பிஎஸ்5 ஐ அணைத்துவிட்டு, கொன்ட்ரோலரின் முதுகில் இருக்கும் சிறு துளைக்குள் மெல்லிய கம்பியால் ஐந்து செக்கன் அழுத்திப் பிடியுங்கள். பிறகு யூஎஸ்பி வயரில் இணைத்து பிஎஸ் பொத்தானை அழுத்துங்கள். கொன்ட்ரோலருக்குப் புதிய மென்பொருள் இருக்கிறதா என்று அதே அக்சஸரீஸ் பகுதியில் பார்த்துவிடுங்கள்.

அணைத்த பிறகும் இறுக்கம், அல்லது பாதியில் சிக்குகிறது: மணல், காய்ந்த பானம், உப்பு. ட்ரிகரை முழுவதும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, 99 வீத ஐசோபுரொப்பைல் அல்கஹோலில் நனைத்த காதுக்குச்சியால் பக்கங்களைச் சுத்தம் செய்யுங்கள். 70 வீதமானதில் தண்ணீர் கலந்திருக்கிறது. அதுதான் கிடைக்கிறது என்றால் குச்சியைப் பிழிந்துவிட்டுப் பாவித்து, இரவு முழுவதும் காயவிட்டு ஓன் செய்யுங்கள்.

அழுத்தினால் உள்ளேயே கிடக்கிறது, வெளியே வருவதில்லை: ஸ்பிரிங் உடைந்தது அல்லது கழன்றது. டுவல்சென்ஸில் மிகப் பரிச்சயமான ட்ரிகர் பழுது இதுதான், இதற்குத் திறந்தே ஆக வேண்டும். முன்பக்கக் கறுப்புப் பட்டையைக் கைப்பிடி நுனியிலிருந்து பிளாஸ்டிக் நெம்பியால் மெதுவாகக் கிளப்பினால் அதற்கடியில் இரண்டு ஸ்குரூ. ட்ரிகர்களுக்கு மேலே இருக்கும் எல்1, ஆர்1 பொத்தான்களை இழுத்தெடுத்தால் அவற்றுக்கடியில் பக்கத்துக்கு ஒன்று. மொத்தம் நான்கு, எல்லாவற்றுக்கும் பிஎச்00 (சிறிய பிலிப்ஸ்) முனை. முதுகு ஓட்டை வெடுக்கென்று இழுக்காமல் மெதுவாகக் கழற்றுங்கள். அடுத்த வேலை பட்டரி இணைப்பைக் கழற்றுவது, வேறெதையும் தொடுவதற்கு முன்னமே. ட்ரிகரின் கீலில் ஸ்பிரிங்கின் ஒரு கால் ட்ரிகரிலும் மறு கால் சட்டத்திலும் தாங்கி நிற்க வேண்டும். கழன்றதென்றால் அதே இடத்தில் மாட்டுங்கள். உடைந்ததென்றால் புது ஸ்பிரிங். பேனா ஸ்பிரிங்கை வெட்டி வளைத்துப் போடுவதை விட்டுவிடுங்கள். சில நாளில் அது நழுவிப் பற்சக்கரத்துக்குள் விழுந்தால் ஸ்பிரிங் பழுது மோட்டர் பழுதாக வளர்ந்துவிடும்.

இறுக்கமே வருவதில்லை, ஆனால் ட்ரிகர் சுடுகிறது: செட்டிங்ஸ் எல்லாம் சரி என்றால் மோட்டர், பற்சக்கரம், அல்லது அவற்றுக்குப் போகும் ரிப்பன் (தட்டையான வயர்). கரகரவென்று சத்தம் மட்டும் வந்து தடை வராவிட்டால் பல் தேய்ந்திருக்கிறது. இந்த இரண்டிலும் ட்ரிகர் தொகுதியை முழுதாக மாற்றுவதுதான் லாபம். வாங்கும் முன் உள்ளே இருக்கும் பலகையில் அச்சிட்ட எண்ணைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்: பிடிஎம்-010, பிடிஎம்-020, பிடிஎம்-030 என்பதுபோல் இருக்கும். முதல் பதிப்பின் தொகுதியும் பிந்தியவற்றின் தொகுதியும் ஒன்றல்ல. கொழும்பிலிருந்து வரவழைத்துவிட்டுப் பொருந்தாமல் திருப்பி அனுப்புவது வீண் அலைச்சல்.

புதியதைப் பூட்டியதும் நான்கு ஸ்குரூவையும் இறுக்கிவிடாமல், பட்டரியை இணைத்து, யூஎஸ்பி வயரில் கணினியோடு இணைத்து, பிரவுசரில் ஏதாவது ஒரு கேம்பாட் சோதனைப் பக்கத்தைத் திறவுங்கள். அங்கே எல்2 க்கு 6, ஆர்2 க்கு 7 என்று பொத்தான் எண் இருக்கும். மெதுவாக அழுத்தும்போது 0.00 இலிருந்து 1.00 வரை எண் துள்ளாமல் ஏற வேண்டும், விட்டதும் 0.00 க்குத் திரும்ப வேண்டும். 0.05 இல் நின்றுவிட்டால் ஸ்பிரிங்கின் கால் சரியான இடத்தில் இல்லை. 1.00 ஐத் தொடாவிட்டால் ரிப்பன் ஏதோ ட்ரிகருக்கடியில் மாட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டும் சரியென்றால் ஓட்டை மூடி ஸ்குரூவை இறுக்கலாம்.